டூவா, இங்கா?

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நீங்கள் மூச்சிரைக்க ஓடிவந்து, எதிர்ப்பட்டவரிடம் அவசரத்துக்கு வாயில் வந்த ஆங்கிலத்தில் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னால், மற்ற எல்லோரும் வாளியைத் தேடுவார்கள். இவர் உங்கள் வினைச்சொல்லைத் தேடுவார். கண்டுபிடித்தும் விடுவார். “சின்ன விஷயம்தான், தப்பா நினைச்சுக்காதீங்க” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, அது சரியான இடத்தில் இல்லை என்று சொல்வார். நீங்கள் சரியாகச் சொல்லிக்காட்டிய பிறகு வாளியைத் தூக்குவார். அப்போது தூக்கவும் செய்வார், அதையும் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை.

இந்த இனத்தில் பல பிரிவுகள் இருக்கின்றன. நான் பக்கத்திலிருந்து பார்த்தது ‘டூ-இங்’ பிரிவைச் சேர்ந்த ஒருவரை.

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொன்று வந்தால், வருகிறவருக்கு முன்னால் ஒரு ‘டூ’ வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஒரு ‘இங்’ ஒட்ட வேண்டும். ‘வான்ட்’ என்றால் டூ. ‘என்ஜாய்’ என்றால் இங். ஏன் அப்படி என்று கேட்டால் ஆங்கிலேயருக்கே தெரியாது. தெரியாததால்தான் அவர்கள் நிம்மதியாகப் பேசுகிறார்கள். நம் ஆளுக்குத் தெரியும். அதனால் அவர் இருக்கும் இடத்தில் யாரும் நிம்மதியாகப் பேசுவதில்லை.

அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். இடப்பக்கம் டூ கேட்கும் சொற்கள், வலப்பக்கம் இங் கேட்கும் சொற்கள், அடியில் ஒரு கட்டம் போட்டு, இரண்டையும் ஏற்றுக்கொண்டு பொருளை மாற்றிவிடும் நாலைந்து சொற்கள். அந்தக் கட்டத்துச் சொற்களின் மேல் அவருக்கு ஒரு பயம் கலந்த மரியாதை. சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் அவற்றைப் பற்றிப் பேசுவார்.

அவர் குடியிருந்த கட்டடத்தின் மின்தூக்கியில் எச்சில் துப்புவதைத் தவிர்க்கும்படி ஓர் அறிவிப்பு இருந்தது. ‘ப்ளீஸ் அவாய்ட் டு ஸ்பிட்.’ நம் ஆள் இரண்டு நாள் அதைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கினார், மூன்றாம் நாள் பென்சிலால் டூவை அடித்துவிட்டு ஒரு இங்கைச் சேர்த்தார். இலக்கணம் சரியாகிவிட்டது. துப்புவது நிற்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவருக்கு அந்த மின்தூக்கியில் ஒரு குறையும் தெரியவில்லை.

பல் மருத்துவரிடம் நடந்தது இன்னும் நன்றாக இருக்கும். வாய் நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருந்தவரிடம் மருத்துவர் குனிந்து, “டூ யூ மைன்ட் டு ஓபன் எ லிட்டில் மோர்?” என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். இவர் வாயைத் திறக்கவில்லை. விரலைத் தூக்கினார். வலிக்கிறது போல என்று மருத்துவர் பயந்துபோய்க் கருவியை எடுத்தார். இவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நெஞ்சின் மேல் கட்டியிருந்த காகிதத் துண்டில் ‘ஓபனிங்’ என்று எழுதிக் காட்டினார். அடுத்த ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்ததாக அவர் மனைவி எனக்குச் சொன்னார்.

ஏன் பென்சில்? “பேனாவில திருத்தினா மனசு புண்படும்” என்பார். அந்தக் கரிசனம் அவருக்கு உண்டு. கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருடம் கடிதப் பிரிவில் இருந்தவர். காணாமல்போன சரக்கைப் பற்றி, சரக்கே வந்து சேர்ந்துவிட்டது போன்ற திருப்தி உண்டாகும்படி கடிதம் எழுதுவாராம். பராமரிப்பு வேலைக்கு அவர் வீட்டுக்குப் போய்வந்த பெண்கள் அவருக்குப் ‘பென்சில் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நான் அந்தப் பெண்களை அனுப்பும் ஏஜென்சியில் இருக்கிறேன். இருபத்தாறு வருடம் நானே நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, துடைத்தவள். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பேன். மற்ற நாட்களில், பெண்கள் தினமும் எழுதும் குறிப்பு நோட்டின் பக்கம் படமாக என் போனுக்கு வரும். அதைப் படித்துவிட்டு, நர்ஸ் தேவையா மருத்துவர் தேவையா என்று முடிவு செய்வேன். அந்த நோட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது ஏஜென்சியின் விதி. யார் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். விதி போட்டவர் யாரும் நோட்டு எழுதியவர் இல்லை.

பென்சில் சாரின் மனைவிக்கு முதலில் சர்க்கரை நோய் வந்தது, பிறகு ஒரு காலையில் இடப்பக்கம் விழுந்தது. இடது கையும் காலும் அசையாது. பாதத்தில் உணர்ச்சியே இல்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. “வாய் விழுந்திருந்தா இவர் ஆங்கிலத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கொடுப்பினையும் இல்ல” என்று படுத்த படுக்கையில் சொல்கிற அம்மா அவர்.

அவரைப் பார்த்துக்கொள்ள, கூடவே தங்கும்படி, நான் ஒருத்தியை அனுப்பினேன். நாற்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வருட அனுபவம். கை வைத்தால் காய்ச்சல் எத்தனை என்று சொல்லிவிடுவாள், பிறகு வைக்கிற வெப்பமானி அவளை ஒத்துக்கொள்ளும். பள்ளியில் படித்தது கொஞ்சம்தான். ஆங்கிலத்தை மருந்துப் பெட்டிகளின் பக்கவாட்டிலிருந்தும் டிவியின் அடியில் ஓடும் எழுத்திலிருந்தும் கற்றவள்.

முதல் வாரம் அவள் எழுதிய ஒரு பக்கம் இது. ‘மேடம் அவாய்ட் டு டேக் சூப். ஐ கீப் டு ரிக்வெஸ்ட். தென் ஷி டேக் ஹாஃப் கப். லெஃப்ட் ஹேண்ட் லிட்டில் ஸ்வெல். ஆஃப்டர்நூன் ஷி கால் மீ ஹர் சிஸ்டர் நேம், டூ டைம்ஸ்.’

படித்தீர்களா? சாப்பாடு குறைந்திருக்கிறது, கெஞ்சிக் கொடுத்தால் இறங்குகிறது, கை வீங்குகிறது, மதியத்தில் கொஞ்சம் குழப்பம். ஒரு நர்ஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் அன்றைக்கே நர்ஸை அனுப்பினேன். சர்க்கரை இறங்கியிருந்தது. சரிசெய்தார்கள்.

பென்சில் சாரும் அதே பக்கத்தைப் படித்தார். அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். அம்மா இதைச் சிரித்துச் சிரித்து எனக்கு நடித்தே காட்டினார்.

“சின்ன விஷயம்தான்மா, தப்பா நினைச்சுக்காத. அவாய்டுக்குப் பின்னாடி என்ன வரும்?”

“சூப் சார்.”

“சூப் இல்லம்மா. டூ வருமா, இங் வருமா?”

“அவங்க வாயையே திறக்கல சார். ரெண்டும் வரல.”

உள்ளறையிலிருந்து அம்மா, “நல்லா சொன்னே!” என்று கத்தினாராம்.

சார் கோபப்படவில்லை. கோபப்படுகிறவராக இருந்தால் அவள் பிழைத்திருப்பாள், கோபத்தைத் துடைத்துப்போட அவளுக்குத் தெரியும். இவர் பொறுமைசாலி. காலையில் தேநீர் குடித்ததும் பென்சிலைச் சீவிக்கொண்டு நோட்டை விரிப்பார். ஒவ்வொரு வினைச்சொல்லாக நின்று, வட்டம் போட்டு, மேலே சரியானதை எழுதி, குளிர்பெட்டிப் பட்டியலில் அது எத்தனையாவது வரிசை என்று ஓரத்தில் எண்ணும் குறிப்பார். பிறகு அவள் அதை அழகாகப் படியெடுக்க வேண்டும். அந்தச் சுத்தப் பிரதிதான் படமாகி எனக்கு வரும். திருத்தாமல் ஒரு பக்கமும் வாசலைத் தாண்டாது. “இது ஆபீஸுக்குப் போகுதும்மா. நம்ம வீட்டுலேர்ந்து போற எழுத்து” என்பார்.

ஒருவர் உங்களைத் தினமும் இருபது நிமிடம் அன்பாகத் திருத்தினால் என்ன செய்வீர்கள்? கற்றுக்கொள்வீர்கள் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? அவளும் கற்றுக்கொண்டாள். எந்த வாக்கியத்துக்கு வட்டம் விழவில்லை என்று கற்றுக்கொண்டாள்.

அப்படி மூன்று வாக்கியங்கள் தேறின. ‘பேஷன்ட் ஸ்லெப்ட் வெல். பேஷன்ட் டுக் மெடிசின்ஸ் ஆன் டைம். பேஷன்ட் இஸ் கம்ஃபர்டபிள்.’ டூவும் இல்லை, இங்கும் இல்லை, வட்டம் விழ இடமே இல்லை. முதல் நாள் இதைப் பார்த்ததும் சார் ஒரு டிக் போட்டார். மறுநாள் இரண்டு டிக். மூன்றாம் நாள் ‘எக்ஸலன்ட்’ என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தார். ஐந்தாறு வாரத்தில் ஒரு பெண்ணை எப்படித் தேற்றிவிட்டேன் பார் என்று பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து நோட்டைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர், ஏதாவது பேசினால் தன் ஆங்கிலமும் மாட்டிக்கொள்ளும் என்று, தலையை மட்டும் ஆட்டினாராம்.

சரி, அவர் அப்படி. நான்?

நானும் அந்தப் பக்கங்களைப் போனில் பார்த்தேன். மற்றப் பெண்களின் நோட்டுகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி, சில நாள் அவர்களையே கூப்பிட்டுக் கேட்டு அறிய வேண்டியிருந்தபோது, இந்த நோட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. எவ்வளவு நிம்மதி. ஒரு பக்கத்தை அச்செடுத்து, ‘இப்படி எழுதவும்’ என்று தலைப்புப் போட்டு, ஏஜென்சிப் பலகையில் ஒட்டினேன். நல்ல பசையாகப் போட்டு ஒட்டினேன்.

ஒரு முறை என் முழங்காலுக்கு ஊசி போட வேண்டியிருந்ததால் என் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது. மொத்தம் மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். சார் வாசலிலேயே நோட்டோடு நின்றார். இருபத்தொரு நாளும் கம்ஃபர்டபிள். பாராட்டிவிட்டு உள்ளே போய், வழக்கப்படி போர்வையைக் கால்பக்கத்திலிருந்து தூக்கினேன்.

இடது குதிகாலில் ஒரு கோட்டுப் பொத்தான் அளவுக்குக் கருநீலமாக இருந்தது. சுற்றிலும் தோல் கொப்புளித்து, ஓரம் ஈரமாகியிருந்தது. படுக்கைப் புண். சர்க்கரை உள்ள உடம்பில், உணர்ச்சி இல்லாத காலில், குதிகாலில். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இப்படித் தொடங்கி, கணுக்காலுக்கு மேலே வெட்டியெடுப்பதில் முடிந்தவை உண்டு. மூன்றை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். கெண்டைக்காலின் கீழே ஒரு துண்டை மடித்து வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்திருந்தாள். சுவரில் ஒரு தாள். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்ததற்குக் கோடு கோடாக அடையாளம், ஒரு நாளும் விடாமல். கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நோட்டுக்குத்தான் தெரியவில்லை.

அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன்.

“எத்தனை நாளாச்சு?”

“பதினோரு நாள்க்கா. முதல்ல சிவப்பா இருந்துச்சு. அமுக்கிப் பார்த்தேன், வெளுக்கல. அப்பவே புண்ணு வரப்போகுதுன்னு தெரிஞ்சுடுச்சு.”

“அது தெரிஞ்சும் ஏன் எழுதல?”

“எழுதினேன்க்கா.”

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து நாலு தாளை எடுத்தாள். முதல் தாளில், குதிகால் சிவக்கத் தொடங்கியிருக்கிறது என்று எழுத முயன்றிருந்தாள். ‘ஹீல் இஸ் ஸ்டார்ட் டு’ வரை போய் அடித்திருந்தாள். இரண்டாம் தாளில் ‘ஸ்டார்டிங்’ போட்டு அடித்திருந்தாள். மூன்றாவதில் எல்லாமே அடித்தல். நாலாவதில் ‘ஹீல்’ என்ற ஒரே சொல், அதன் பிறகு வெற்றுத் தாள்.

“சார்கிட்ட வாயால சொல்றதுதானே?”

“சொன்னேனே. அவரு கண்ணாடி போட்டுக்கிட்டு எழுதிட்டிருந்தாரு. ‘எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டும்மா, எழுத எழுதத்தான் வரும்’னாரு. எனக்கு எழுத எழுத வரல.”

“எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதிக் காட்ட முடியாது. “எப்படிக்கா போடுவேன்? இப்படித்தான் எழுதணும்னு என் பக்கத்தைத்தானே ஆபீஸ்ல ஒட்டி வச்சிருக்கீங்க? கம்ஃபர்டபிள்னு எழுதினாதான் உங்களுக்கும் பிடிக்குதுன்னு நினைச்சேன்.”

சாரைக் கூப்பிட்டுக் குதிகாலைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பாசாங்கு இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “டாக்டருக்கு உடனே தெரியப்படுத்தணும்” என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் மேசை முன் உட்கார்ந்து, கணினியைத் திறந்து, ‘வி ரிக்ரெட்’ என்று தட்டினார். நின்றார். வருத்தம் தெரிவிக்கும் அந்தச் சொல் குளிர்பெட்டிக் கட்டத்துச் சொற்களில் ஒன்று, டூவையும் ஏற்கும், இங்கையும் ஏற்கும், பொருள் மாறிவிடும். எழுந்து போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் நர்ஸுக்குப் போன் போட்டேன். “சிஸ்டர், சர்க்கரை கேஸ், இடது குதிகால், தோல் விட்டுடுச்சு. இப்பவே வாங்க.” அவ்வளவுதான்.

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஏங்க, எது முன்னாடி போகும்? உங்க லெட்டரா, என் காலா?”

நாற்பது நிமிடத்தில் நர்ஸ் வந்து சேர்ந்தபோது கடிதம் இரண்டாவது வரியில் இருந்தது. முதல் வரி அருமையாக இருந்தது.

நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து, அளந்து, ஆழம் பார்த்து, மருத்துவரிடம் பேசி, மருந்து தொடங்கினார். “இன்னும் நாலு நாள் விட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்கும். அப்புறம் நம்ம கையில இல்ல” என்றார். பிறகு அந்த மடித்த துண்டைப் பார்த்தார். “இதை யார் வச்சது?” அவள் பயந்துகொண்டே கையைத் தூக்கினாள். “நீங்க வச்சதாலதான் இன்னும் கால்னு ஒண்ணு இருக்கு. இதை எங்கயாவது எழுதி வச்சீங்களா?”

சார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டு மாற்றிக் கட்டுவது ஏழு வாரம் ஓடியது. கால் தப்பித்தது. ஏஜென்சியில் ஒட்டியிருந்த தாளை நானே போய்க் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சுரண்டத்தான் வேண்டியிருந்தது. இனி வாயில் வருவதை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், வராவிட்டால் படம் போடலாம், அதுவும் முடியாவிட்டால் போனில் கூப்பிடலாம் என்று எல்லாப் பெண்களுக்கும் சொன்னேன். மேலே போய்ச் சண்டையும் போட்டேன். விதி இன்னும் காகிதத்தில் அப்படியே இருக்கிறது. நாங்கள் அதைப் படிப்பதில்லை.

அவள் தாளில் அம்மாவின் பாதத்தை வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, புண் இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போடுவாள். ஒரு நாளுக்கு ஒரு பாதம். அந்த வட்டத்தின் அளவை எடுக்கும் வேலையை சாரிடம் கொடுத்தோம். இரும்பு அளவுகோலை வைத்துக்கொண்டு, பென்சில் முனையைக் கூராக்கிக்கொண்டு, மில்லிமீட்டர் கணக்கில் அப்படி அளந்தார். “நேத்து பதினெட்டு. இன்னைக்கு பதினேழரை.” அந்த அரையை அவரைத் தவிர வேறு யாராலும் பிடித்திருக்க முடியாது. இந்த இனத்துக்கும் ஒரு உபயோகம் உண்டு. எங்கே உட்காரவைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? ஐந்தாம் வாரம் நான் போனபோது நர்ஸின் சீட்டில் ஒரு சின்ன வட்டம் தெரிந்தது.

“சார், இது சிஸ்டர் எழுதினது” என்றேன்.

“அதனாலதான் ரொம்ப லேசா போட்டிருக்கேன்” என்றார்.

அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டே, “விடுங்கம்மா, அது மருந்துக்கு அடங்காது” என்றார்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். எனக்கு ஆங்கிலமே வராது, அந்த இனத்தில் நான் எப்படிச் சேருவேன் என்று ஒரு தைரியம் இருக்கும். அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. உங்கள் தங்கை மூச்சுத் திணறியதைச் சொல்ல வரும்போது, அது புதன்கிழமை இல்லை செவ்வாய்க்கிழமை என்று நடுவில் நிறுத்தியிருக்கிறீர்களா? வேலைக்கு வருகிறவர் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிவைத்த சீட்டில் ‘ழு’வைப் பார்த்தீர்களா, குழாயைப் பார்த்தீர்களா? நீங்கள் அன்பானவர்தான், லேசாகத்தான் திருத்துவீர்கள், அது எனக்குத் தெரியும். நான் பசை போட்டு ஒட்டியதும் அன்பில்தான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். முன்பெல்லாம் உங்களிடம் முன்னுக்குப் பின் முரணாக, மூச்சுவிடாமல், தப்பும் தவறுமாகக் கொட்டித் தீர்த்தவர் யாராவது இருப்பார். மகனோ, மருமகளோ, கூட வேலை பார்ப்பவரோ. இப்போது கேட்டால், “எல்லாம் நல்லா இருக்கு” என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறாரா? அதில் பிழை ஒன்றும் இல்லையா?

உடனே போங்கள். போர்வையைக் கால்பக்கத்திலிருந்து தூக்கிப் பாருங்கள்.